மனத்தெளிவே பிரசாதம்

பிரசாதம் என்றதும் ஆலயத்தில் கிடைக்கும் பொங்கலும் துளசியும் நம் நினைவில் எழுகின்றன. வடமொழியில் அச்சொல்லுக்குத் தெளிவு என்னும் பொருளும் உண்டு. கலங்கல் அடங்கிய நீரைப் 'பிரசன்னம்' என்பர். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம் இச்சொல்லை இப்பொருளிலேயே ஆள்கிறது. விருப்பு வெறுப்புகளின் பிடியினின்று விடுபட்டவன் பிரசாதத்தை அடைகிறான் என்றும், அதனால் அவனுடைய துயரங்கள் அகல்கின்றன என்றும் கண்ணபிரான் அர்ஜுனனுக்கு உணர்த்துகிறார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெளிவு நீருக்குப் புதிதாக வந்து சேர்வதில்லை. அது நீரின் இயல்பு. மகிழ்ச்சியும் அத்தகையதே. அதைத் தேடி அலைவதைக் காட்டிலும், அதை மறைத்து நிற்கும் வண்டலை அகற்றுவதே சாதகனின் பணி. அவ்வண்டல் மூன்று வகைப்படும்.

1. முடிக்கப்படாத கடமைகள்

எழுதாத கடிதம், திருப்பித் தராத கடன், தள்ளிப்போட்ட மருத்துவப் பரிசோதனை ஆகியவை பூஜையறையிலும் நம்மைப் பின்தொடர்கின்றன. அமெரிக்க உளவியல் அறிஞர்களான மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகியோர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. நிறைவேறாத குறிக்கோள்கள், வேறொன்றைப் படிக்கும்போதும் மனத்தில் குறுக்கிட்டன. அவற்றை எப்போது, எங்கே, எவ்வாறு செய்வது என்று திட்டமிட்டவர்களிடம் அக்குறுக்கீடு நீங்கியது. ஆக, வேலை முடியும்வரை மனம் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு உரிய நாளும் வேளையும் குறிக்கப்பட்டாலே மனம் இளைப்பாறுகிறது.

2. ஆறாத மனத்தாங்கல்

பாகப்பிரிவினையின்போது வாய்தவறிய ஒரு சொல்லுக்காக, ஒரே தெருவில் வாழும் உடன்பிறந்தோர் இருபது ஆண்டுகள் பேசாதிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். வீட்டில் திருமணம் நடந்தாலும் ஒரு நாற்காலி வெறுமையாகவே இருக்கும். அவர்களுள் ஒருவர் மறைந்தபின் மற்றவர் சிந்தும் கண்ணீருக்கு ஆறுதல் சொல்ல எவராலும் இயலாது.

சமணர்கள் இதற்கு ஓர் அரிய நெறியை வகுத்துள்ளனர். ஆண்டுதோறும் பர்யூஷண காலத்தில் சுவேதாம்பரர் எட்டு நாட்கள் நோன்பும் தன்னாய்வும் மேற்கொள்கின்றனர். நிறைவு நாளான சம்வத்சரியன்று, 'மிச்சாமி துக்கடம்' என்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பு வேண்டுகின்றனர். நான் இழைத்த தீங்கு பயனற்றுப் போகட்டும் என்பது அதன் கருத்து. குற்றம் யாருடையது என்று தீர்ப்பு வரும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. அந்நாளில் ஒவ்வொருவரும் கேட்கும் இடத்தில் நிற்கின்றனர். ஆதலால் எவருக்கும் தாழ்வில்லை.

மன்னிப்பதால் நியாயமான உரிமையைக் கைவிட வேண்டும் என்பதில்லை. துன்புறுத்துவோரிடம் மீண்டும் சென்று வாழ வேண்டும் என்பதும் இல்லை. உரிமையை நாடும்போதும் உள்ளத்தில் பகையை வளர்க்காதிருத்தலே வேண்டுவது.

3. பிறரோடு ஒப்பிடுதல்

அடுத்தவர் மகனின் பதவியும் அடுத்தவர் கட்டிய வீடும் நம் உறக்கத்தைக் கெடுக்கின்றன. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதற்பாதத்தில் சித்த பிரசாதனம், அதாவது உள்ளத்தைத் தெளிவித்தல், என்னும் பயிற்சியைக் கூறுகிறார். இன்புற்றோரிடம் நட்பு, துன்புற்றோரிடம் இரக்கம், நல்லோரிடம் உவகை, தீயோரிடம் பொருட்படுத்தாமை ஆகிய நான்கு மனப்பாங்குகளே அதற்கு வழி. நட்பு கொண்டவனுக்கு நண்பனின் வீடு தன் வீடுபோல் ஆகிவிடுகிறது. பிறகு பொறாமைக்கு இடம் ஏது?

தெளிவிக்கும் முறை

கிராமங்களில் கலங்கிய நீரை நிரப்புமுன் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைப்பர். சிறிது நேரத்தில் வண்டல் அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். ஆதிசங்கரர் அருளியதாகப் போற்றப்படும் ஆத்மபோதமும் இதை உவமையாகக் கையாள்கிறது. கொட்டையைக் கையில் வைத்திருந்தால் மட்டும் நீர் தெளியாது, இழைத்தல் வேண்டும். படிந்தபின் பானையை அசைக்காதிருத்தலும் வேண்டும்.

நாள்தோறும் உறங்குமுன் கால்மணி நேரம் தனித்து அமருங்கள். மனத்தை அரிக்கும் முடியாத பணி ஒன்றை எழுதி, அதற்கு நாள் குறியுங்கள். மனத்தாங்கல் கொண்ட ஒருவரை நினைத்து அவர் நலம் வேண்டுங்கள். பிறருக்குக் கிடைத்த நன்மை ஒன்றுக்காக இறைவனுக்கு நன்றி கூறுங்கள். பின்னர் எதையும் கிளறாமல் சற்று மௌனமாக இருங்கள்.

ஓர் எச்சரிக்கை: அன்புக்குரியவரை இழந்த துயரம் குப்பையன்று. அது அன்பின் மறுவடிவம். அதைத் துரத்த வேண்டாம், காலம் கொடுங்கள். சோர்வும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்காதீர்கள்.

சிந்தனைக்கு

நான் இன்று நாள் குறிக்க வேண்டிய கடமை எது?

யாரிடம் முதற்சொல்லை நான் சொல்ல வேண்டும்?

யாருடைய இன்பத்தில் நான் பங்குகொள்ள மறுக்கிறேன்?

இரண்டாம் வினாவுக்கான விடை உள்ளத்தில் எழுந்தால், இவ்விதழை மூடிவைத்துவிட்டு அவரை அழையுங்கள். அந்த நாற்காலி இனியும் வெறுமையாக இருக்க வேண்டாம்.