டைட்டானியம் உருக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உருக்காலையில் வேலை கிடைத்த செய்தி அறிந்து மகிழ்ச்சி. மணவாளக்குறிச்சியிலும் சவராவிலும் இல்மனைட் மணல் கொட்டிக் கிடக்கும்போது டைட்டானியத்தை ஏன் வெளியிலிருந்து வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். மணல் இருப்பது வேறு, உலோகம் இருப்பது வேறு. உலகெங்கும் அந்த மணலில் பெரும்பகுதி வெள்ளை நிறமி செய்யத்தான் போகிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமல்ல. எஸ்ஆர்-71 உளவு விமானத்துக்கான டைட்டானியத்தை அமெரிக்கா சோவியத் யூனியனிடமிருந்தே சுற்றுவழியில் வாங்கியது. அதன் பிறகும் புத்தி வந்ததா என்றால், நெவாடாவின் ஹெண்டர்சனில் இருந்த டைட்டானியம் ஸ்பாஞ்ச் (நுண்துளைகள் கொண்ட உலோகக் கட்டி) ஆலையை 2020இல் மூடிவிட்டார்கள். நம் சவரா ஸ்பாஞ்ச் ஆலை 2011இல் தொடங்கியது. ஆண்டுக்கு 500 டன் திறன். செய்முறை ஹைதராபாத் டிஎம்ஆர்எல் ஆய்வகத்துடையது, பணம் இஸ்ரோவுடையது. சிறிய ஆலைதான். ஆனாலும் மணலுக்கும் ராக்கெட்டுக்கும் நடுவில் அறுந்து கிடந்த கண்ணி அதுதான்.

அந்த ஸ்பாஞ்சைக் கையில் எடுத்துப் பார். உருகிய மக்னீசியத்தில் டைட்டானியம் டெட்ராகுளோரைடைச் செலுத்தி, மிச்ச மக்னீசியத்தையும் உப்பையும் வெற்றிடத்தில் ஆவியாக்கி எடுத்தபின் கிடைக்கும் சாம்பல்நிறக் கட்டி. வினை நடக்கும் கலத்தின் எஃகுச் சுவரை ஒட்டிய பகுதியில் இரும்பு ஏறியிருக்கும், நடுப்பகுதிதான் தரமானது. உடைக்கும்போது சூடேறிக் காற்றுப் பட்ட துண்டு பொன்மஞ்சளாகத் தெரிந்தால் உடனே ஒதுக்கு. அது நைட்ரைடு. டைட்டானியம் 1,668 டிகிரியில் உருகும். நைட்ரைடுக்கு 2,900க்கும் மேல் வேண்டும். வெற்றிட ஆர்க் உலையிலும் கரையாமல் தப்பிவிடலாம். 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் டிசி-10 விமானம் நொறுங்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் எஞ்சினின் டைட்டானிய விசிறித் தட்டில், உருக்கும்போதே புகுந்த அப்படியொரு நைட்ரஜன் ஏறிய புள்ளியிலிருந்துதான் விரிசல் கிளம்பியது.

ஆகவே கணினி முன்னால் உட்காருவதற்கு முன் ஸ்பாஞ்ச் பொறுக்கும் மேசையில் சில மாதம் நில். பொறுக்குபவர்களுக்கு உன்னைவிடக் கண் கூர்மை. அண்ணன், அக்கா என்று கூப்பிட்டுக் கற்றுக்கொள். படித்தவர்களுக்கு அங்கே நிற்கக் கூச்சம். அந்தக் கூச்சம் ஏன் என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

இன்னொன்று, சீவல். விமானப் பாகத்தைக் கடையும்போது வாங்கிய உலோகத்தில் பெரும்பகுதி சீவலாகத்தான் விழுகிறது. அதைக் கலவைவாரியாகப் பிரித்து, எண்ணெய் கழுவி, உடைந்த கார்பைடு வெட்டுமுனைகளை எடுத்துவிட்டால் மறுபடி உலைக்குள் போடலாம். பல கடைசல் பட்டறைகளில் எல்லாச் சீவலும் ஒரே தொட்டியில் விழுந்து பழைய இரும்புக்காரரிடம் போய்விடுகிறது. புதுச் சுரங்கம் தோண்டுவதைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் இந்தத் தொட்டியை எட்டிப் பார்ப்பதில்லை. உன் ஆலையில் சீவலுக்கு யார் பொறுப்பு என்று முதல் வாரமே விசாரி. யாரும் இல்லையென்றால் நீயே கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்