கடற்கோட்டையில் தங்கப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

லீவுக்குக் கடற்கோட்டையில் ஓர் இரவு தங்கப் போவதாக எழுதியிருந்தாய். போய் வா, பிள்ளை. வடிவான இடம். கடற்படை நடத்தும் விடுதி. காரைநகர்ப் பக்கமிருந்து படகில் கொண்டுபோய் விடுவார்கள். ஆனால், நீ சாப்பிட உட்காரப் போகும் அந்தச் சுவர்களுக்குள் உனக்கு முன் கிடந்தவர்களில் அனேகர் விரும்பி வந்தவர்கள் அல்லர்.

முதலில் அது நிற்கும் இடத்தைப் பார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, யாழ்ப்பாண நீரேரியின் வாயில் நிற்கிறது. 1619இல் எங்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர், வாசலுக்குப் பூட்டுப் போடுவதுபோல அதைக் கட்டினார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், முருகைக்கல்.

சுற்றிவரக் கடல், குடிக்கத் தண்ணீர் இல்லை. 1658இல் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தப் படை வளைத்தபோது, யாழ்ப்பாணப் பட்டினத்துக் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. கடற்கோட்டை அதற்கு முன்பே பணிந்தது. அதைப் பணிய வைத்தது தாகம். பிடித்தவர்கள் அதைத் திருத்திக் கட்டி, ஹம்மன்ஹீல் என்று பெயரும் வைத்தார்கள்.

பூதத்தம்பி கூத்தைப் பார்த்திருக்கிறாயா? ஒல்லாந்தர் காலத்து முதலியாரான அந்தப் பூதத்தம்பியிடம் கோட்டை வேலைக்கு மரம் வேண்டுமென்று சொல்லி வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கி, அதையே துரோகக் கடிதமாக்கிக் கொலைத் தண்டனை வாங்கிக் கொடுத்த கதை. அந்தக் கோட்டை இதுதான் என்பார்கள். வரலாற்றுக்காரர் அந்தக் கதையில் ஆயிரம் ஓட்டை காட்டுவார்கள். ஊர் அதை விடவில்லை; நானும் விடமாட்டேன்.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். காவலுக்குத் தோதான இடம் சிறைக்கும் தோதுதானே? சிறையாக்கினார்கள். தொற்றுநோய் கண்டவர்களையும் அங்கே ஒதுக்கி வைத்தார்கள். 1971 கிளர்ச்சிக்குப் பின் ஜே.வி.பி. இளைஞர்களை அடைத்ததும் அங்கேதான். அவர்களில் பலர் உன்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களாக இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். எதிரியைத் தடுக்கவும், நோயாளியை ஒதுக்கவும், கைதியை அடைக்கவும் உதவிய அதே கடலைத்தான் இன்றைக்கு அமைதியென்று காசுக்கு விற்கிறார்கள்.

சிறையிலே விருந்தா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் கோபமில்லை. கொழும்பில் ஒல்லாந்தர் கட்டிய ஆஸ்பத்திரி பின்னாளில் பொலிஸ் நிலையமாயிற்று. 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதப்பட்டது. 2011இல் திருத்தித் திறந்தார்கள். இப்போது சாப்பாட்டுக் கடையும் மதுச்சாலையுமாய்க் கலகலக்கிறது. ஆட்கள் புழங்கினால்தான் கூரை நிற்கும். ஊர்காவற்றுறைக் கரையில் போர்த்துக்கேயர் கட்டிய மற்றக் கோட்டையைப் பார். கவனிக்க ஆளில்லாமல் இடிந்து கிடக்கிறது. என் குறை ஒன்றுதான்: அங்கே அடைபட்டவர்களின் கதையை, தங்க வருகிறவர்களுக்கு அறைச் சாவியோடு சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும்.

ஆகவே போனதும் படம் எடுப்பதோடு நிற்காதே. கைதிகளை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேள். தண்ணீர் எப்படி வருகிறதென்றும் கேள். திரும்பும்போது அந்த இடிந்த கோட்டையையும் பார்த்துவிட்டு வா. வெயில் கடுமை, தொப்பியை மறந்துவிடாதே.

அன்புடன்,
மாமா