தீர்ப்பாயம் என்றால் கோர்ட்டா? தெரிந்துகொள்வோம் வாங்க!

கீழ்பென்னாத்தூர் தாலுகாவில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "கடைசி வரைக்கும் நான் பார்த்துக்கறேன்" என்று மகன் சொன்னதை நம்பி, இருந்த நிலத்தை அவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது சாப்பாட்டுக்கே வழியில்லை. "கோர்ட்டு, வக்கீல், வாய்தான்னு இந்த வயசுல அலைய முடியுமா?" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்.

அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. போக வேண்டிய இடத்தின் பெயர் தீர்ப்பாயம்.

சொல்லின் பொருள்

தீர்ப்பு + ஆயம் = தீர்ப்பாயம். ஆயம் என்றால் குழு. ஆங்கிலத்தில் 'டிரிப்யூனல்' என்பார்கள். நீதிமன்றம் பல வகை வழக்குகளை விசாரிக்கும். தீர்ப்பாயம் ஒரு குறிப்பிட்ட சட்டத்தின் கீழ் வரும் பிரச்சினையை மட்டும் விசாரிக்கும். அதில் நீதிபதிதான் உட்கார வேண்டும் என்பதில்லை. அரசு அதிகாரியோ துறை வல்லுநரோகூட இருக்கலாம். ஆனால் அதன் உத்தரவு வெறும் ஆலோசனை அல்ல, கட்டுப்படுத்தும்.

ஒரே சொல், பல பெயர்கள்

குழப்பம் இங்கேதான். 1990-இல் அமைக்கப்பட்ட காவிரி டிரிப்யூனலை நாம் 'நடுவர் மன்றம்' என்கிறோம். சென்னையில் தென்மண்டல அமர்வு உள்ள பசுமை டிரிப்யூனலை 'தீர்ப்பாயம்' என்கிறோம். சாலை விபத்து இழப்பீட்டுக்கும் தனித் தீர்ப்பாயம் உண்டு. அதை நீதிபதியே நடத்துவதால் பலரும் கோர்ட் என்றே சொல்கிறார்கள். 'நுகர்வோர் மன்றம்' என்று நாம் பழகிய அமைப்பு, 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு 'நுகர்வோர் ஆணையம்' ஆகிவிட்டது.

அதனால் பெயர்ப் பலகையை மட்டும் பார்க்காதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரச்சினைக்கு என்று பாருங்கள்.

பெரியவருக்கு எந்தத் தீர்ப்பாயம்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன்படி, வருவாய் கோட்டாட்சியர்தான் பராமரிப்புத் தீர்ப்பாயத்தின் தலைவர். கீழ்பென்னாத்தூர் தாலுகா திருவண்ணாமலை வருவாய் கோட்டத்தில் வருகிறது. எனவே மனு கொடுக்க வேண்டிய இடம் திருவண்ணாமலை கோட்டாட்சியர் அலுவலகம். பேச்சுவழக்கில் லைசென்ஸ் எடுக்கும் இடத்தையும் 'ஆர்டிஓ ஆபீஸ்' என்கிறோம். அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், இது வேறு. மாறிப் போய் நிற்காதீர்கள்!

கவனிக்க வேண்டியவை

• பெற்றோர் எந்த வயதிலும் மனு செய்யலாம். 60 வயதான, பிள்ளை இல்லாத பெரியவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாகும் உறவினர் மீது மனு செய்யலாம்.

• வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேரில் போக முடியாவிட்டால் வேறொருவருக்கு அதிகாரம் கொடுத்து அனுப்பலாம்.

• மாதம் அதிகபட்சம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை கிடைக்கலாம்.

• நோட்டீஸ் சேர்ந்த 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாட்கள்.

• உத்தரவுப்படி பணம் தராவிட்டால் ஒரு மாதம் வரை சிறைகூட உண்டு.

• உத்தரவில் திருப்தி இல்லையா? 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

நிலம் திரும்புமா?

இந்தச் சட்டம் வந்த பிறகு, 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதை மீறினால், 23-ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கும்படி கேட்கலாம். நிபந்தனை இருந்ததா என்பதில்தான் பெரும்பாலும் வாதமே நடக்கும். 'பெத்த பிள்ளைதானே' என்று விட்டுவிடாமல், பத்திரம் எழுதும்போதே அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

போனில் சேமித்துக்கொள்ளுங்கள்

மூத்த குடிமக்கள் உதவி எண்: 14567
இலவச சட்ட உதவி: 15100

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பெரியவர் இருக்கலாம். அவரிடம் ஸ்மார்ட்போன் இருக்காது. உங்களிடம் இருக்கிறது. படித்ததை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.