பேஸ்பாலின் குளிர்காலம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பருவத்தின் கடைசிப் பந்து வீசப்படுவது அக்டோபர் முடிவிலோ நவம்பர் தொடக்கத்திலோ. அடுத்த பருவம் மார்ச் கடைசியில்தான் தொடங்கும். நடுவில் ஏறக்குறைய ஐந்து மாதம் மைதானங்கள் பூட்டிக் கிடக்கும்; ரசிகர்களுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. யார் எந்த அணிக்குப் போகிறார், யாரைக் கழற்றிவிட்டார்கள், யாருக்கு எத்தனை கோடி என்று காலைக் காபியோடு தேடிப் படிக்கிற மாதங்கள் அவை. ஆட்டத்துக்குச் சமமாக எனக்கு இந்த மாதங்களும் பிடிக்கும். அதனாலேயே, இந்தக் குளிர்காலப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுதோறும் திரும்பி வரும் சில தவறான நம்பிக்கைகளைச் சரிசெய்துவிட ஆசை.

ஐபிஎல் பார்த்துப் பழகிய நண்பர்கள் முதலில் கேட்பது, ஏலம் எப்போது, ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு எவ்வளவு என்பதுதான். அங்கே ஏலமும் இல்லை, கட்டாய வரம்பும் இல்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் போனால் அணி வரி கட்ட வேண்டும்; கட்டத் தயார் என்றால் தாராளமாகத் தாண்டலாம். வீரர் நினைத்தபோது அணி மாறலாம் என்பதும் உண்மையில்லை. அணியே விடுவித்தால் ஒழிய, மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடிந்து, கையில் ஒப்பந்தமும் இல்லாவிட்டால்தான் அவர் தன் விருப்பப்படி பேரம் பேச முடியும். அதுவரை, பெரும்பாலான வீரர்களை அவர்களைக் கேட்காமலே இன்னோர் ஊருக்கு மாற்றிவிடலாம். பத்து ஆண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு.

இந்த அளவு உரிமையே போராடிப் பெற்றது. 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃபிளட் என்ற அருமையான சென்டர் ஃபீல்டரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. ‘என்னை வாங்கவும் விற்கவும் நான் பொருள் இல்லை’ என்ற நிலையில் அவர் போக மறுத்து, உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினார். 1972-இல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வு அதற்குள் முடிந்துபோயிருந்தது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பிட்சர்களின் வழக்கில் வீரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். இன்று நாம் வாய்பிளந்து படிக்கும் ஒவ்வொரு பெரிய ஒப்பந்தத்துக்கும் பின்னால் ஃபிளட் கொடுத்த விலை இருக்கிறது.

பெரிய ஒப்பந்தம் என்றால் இப்போது முதலில் நினைவுக்கு வருவது ஷோஹெய் ஓத்தானி. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியோடு பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலர் பேசி முடித்தார். ‘ஆண்டுக்கு 7 கோடி வாங்குகிறார்’ என்று ஒரு கூட்டம் சொல்கிறது. ‘பெரும்பகுதியைத் தள்ளிப்போட்டு வரியை ஏமாற்றுகிறார்கள்’ என்று இன்னொரு கூட்டம். இரண்டும் சரியில்லை. ஒப்பந்தப்படி ஆடும் காலத்தில் அவருக்கு அணி தருவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல் வரும். பத்து முதல் இருபது ஆண்டு கழித்து வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு. அந்த மதிப்பைக் கணக்கிட்டு, அவருக்காக ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடி டாலர் அணியின் வரிக் கணக்கில் ஏற்றுகிறார்கள். அது சின்னத் தொகையே அல்ல. தள்ளிப்போட்ட பணத்துக்காக அணி முன்கூட்டியே நிதி ஒதுக்கி வைக்கவும் வேண்டும். வீரர்கள் சங்கமும் அணி உரிமையாளர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட விதிகளில் இதற்கு இடம் உண்டு.

அந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய நாள் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஓத்தானி டொரொன்டோவுக்குப் பறக்கிறார் என்று செய்தி பரவியது. தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய ஒரு தனி விமானத்தை ஆயிரக்கணக்கான ரசிகர்கள் திரையில் துரத்தினார்கள். விமானம் தரையிறங்கியது. உள்ளே இருந்தவர் கனடாவின் தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜாவெக். மறுநாள் ஓத்தானியே இன்ஸ்டாகிராமில் ‘டாட்ஜர்ஸ்’ என்று அறிவித்தார். உறுதிசெய்யாத செய்தியை நம்பி டொரொன்டோ ரசிகர்கள் பட்ட பாட்டை, எந்த அணியின் ரசிகரும் மறக்கக் கூடாது.

தள்ளிப்போட்ட பணம் என்றதும் ஜூலை முதல் தேதி ஞாபகம் வரும். அன்று பாபி போனிலாவுக்கு நியூயார்க் மெட்ஸ் 11,93,248 டாலர் தரும். 2011-இல் தொடங்கியது, 2035 வரை போகும். அவர் கடைசியாக ஆடியது 2001-இல். ‘பேஸ்பாலிலேயே முட்டாள்தனமான ஒப்பந்தம்’ என்று ஆண்டுதோறும் அன்று கேலி செய்வார்கள். கணக்கைப் பாருங்கள். 2000-இல் மெட்ஸ் அவருக்குத் தர வேண்டியிருந்தது 59 லட்சம் டாலர். அதை அப்போதே தராமல், 8 சதவீத வட்டியோடு பின்னால் தருகிறோம் என்றார்கள். அந்த ஆண்டுச் சம்பளப் பட்டியலில் இடம் கிடைத்தது. அதே குளிர்காலத்தில் வந்து சேர்ந்த பிட்சர் மைக் ஹாம்ப்டன் அணியை 2000-இன் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரை கொண்டுபோனவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டு அவர் கொலராடோவுக்குப் போனதற்கு ஈடாக மெட்ஸுக்கு இளம் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதில் எடுத்தவர் டேவிட் ரைட். பிறகு அணியின் கேப்டன். போனிலாவைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேர்த்து வைக்கத் தெரிந்த மனிதர் அவர்.

இனி எல்லாவற்றிலும் பழைய கதை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் உரிமையாளர் ஹாரி ஃப்ரேசி நாடகத் தயாரிப்பாளர். ‘நோ, நோ, நானெட்’ என்ற இசை நாடகத்துக்குப் பணம் வேண்டி பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார், அந்தச் சாபத்தால் பாஸ்டன் 86 ஆண்டு கோப்பையைக் காணவில்லை என்பார்கள். விற்றது உண்மை: 1919 டிசம்பர் 26, விலை 1 லட்சம் டாலர், கூடவே ஃபென்வே பார்க் மைதானத்தை அடமானமாகக் கொண்டு ஒரு பெரிய கடன். ஆனால் அந்த இசை நாடகம் பிராட்வேயில் ஏறியது 1925-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஃப்ரேசி அணியையே விற்றுவிட்டார். ரூத்தும் சும்மா இருக்கவில்லை. கைவசம் இருந்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 10,000 டாலர். அதை 20,000 ஆக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். 1919-இல் 29 ஹோம் ரன் அடித்தும் அணி ஆறாவது இடம். அவர் அடுத்த ஆண்டு நியூயார்க்கில் 54 அடிப்பார் என்று அன்று யாருக்கும் தெரியாது.

சாபம் என்ற பேச்சு பெரிதாகப் பரவியதே 1990-இல் டான் ஷானெசி எழுதிய புத்தகத்துக்குப் பிறகு. 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை வேர்ல்ட் சீரிஸ் போய், நான்கையும் ஏழாவது ஆட்டத்தில் இழந்த அணி. இத்தனை அருகே வந்து தோற்றவர்களுக்குச் சாபம் ஓர் ஆறுதல். ஆனால் அந்தப் பேச்சு ஒன்றை மறைக்கிறது. 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் ஃபென்வே பார்க்குக்கு வந்து ஆடிக் காட்டினார், பாஸ்டன் எடுக்கவில்லை. கறுப்பின வீரருக்கு இடம் தந்த கடைசி மேஜர் லீக் அணியும் பாஸ்டன்தான். பம்ப்ஸி கிரீன் களமிறங்கியது 1959-இல். அணிக்கு விடிவு வராததற்குக் காரணம் தேடுகிறவர் ரூத்தை விட்டுவிட்டு இந்தப் பதினான்கு ஆண்டைப் பார்க்க வேண்டும்.

‘குளிர்காலத்தில் பெரிய பெயரைப் பிடித்தவனுக்கே கோப்பை’ என்பது எனக்குப் பிடிக்காத நம்பிக்கைகளில் முதலாவது. அலெக்ஸ் ராட்ரிகஸை 2000 டிசம்பரில் 25.2 கோடி டாலருக்கு டெக்சாஸ் எடுத்தது. அங்கே ஆடிய மூன்று ஆண்டிலும் அமெரிக்கன் லீகில் அதிக ஹோம் ரன் அவருடையது. மூன்று ஆண்டிலும் டெக்சாஸ் தன் பிரிவில் கடைசி இடம்.

2003 டிசம்பரில் அவரை பாஸ்டன் கிட்டத்தட்ட எடுத்தேவிட்டது. மானி ரமிரெஸைக் கொடுத்து, ராட்ரிகஸின் சம்பளத்தைக் குறைத்து வாங்குவது திட்டம். சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று வீரர்கள் சங்கம் தடுத்தது. ஜனவரியில் யாங்கீஸின் ஏரன் பூன் கூடைப்பந்து ஆடி முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் கூடைப்பந்துக்குத் தடை இருந்தும், எப்படி அடிபட்டது என்பதை மறைக்காமல் அணியிடம் சொன்னார். அணி அவரை விடுவித்தது. அந்த இடத்துக்கு ராட்ரிகஸ் வந்தார். பாஸ்டன் தோற்றுவிட்டது என்று ஊரே சொன்னது. பூன் இன்று அதே யாங்கீஸின் மேனேஜர் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆனால் பாஸ்டனின் கோப்பைக்கான வேலை அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே நடந்திருந்தது. 2002 டிசம்பரில் மினசோட்டா ட்வின்ஸ் டேவிட் ஆர்டிஸை விடுவித்தது. அந்த ஆண்டு 20 ஹோம் ரன் அடித்தவர். சான்டோ டொமிங்கோ உணவகம் ஒன்றில் அவரைக் கண்ட பாஸ்டன் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ், இவரை எடுங்கள் என்று தன் அணியிடம் மன்றாடினார். 28 வயதில் பொது மேலாளராகியிருந்த தியோ எப்ஸ்டீன் 12.5 லட்சம் டாலருக்கு எடுத்தார். கெவின் மில்லரை ஜப்பானின் சுனிச்சி டிராகன்ஸ் வாங்கியிருந்தது; அப்படிப் போகிறவரை மற்ற அணிகள் மறிப்பதில்லை என்பது வழக்கம். பாஸ்டன் மறித்தது. பில் முல்லரும் அதே குளிர்காலத்தில் வந்தார்.

2004 அக்டோபர் 17, ஃபென்வே பார்க். வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய தொடரில் யாங்கீஸ் 3–0 முன்னிலை. ஆட்டத்தில் 4–3. ஒன்பதாவது இன்னிங்ஸ், எதிரே மரியானோ ரிவேரா. ரிவேரா நான்கு பந்தைக் குறி தவறி வீச, மில்லர் முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடினார். முல்லர் பந்தை நடுவில் அடித்து அவரை வீடு சேர்த்தார். 12-ஆவது இன்னிங்ஸில் ஆர்டிஸ் ஹோம் ரன். அடுத்த ஏழு ஆட்டங்களையும் வென்று பாஸ்டன் கோப்பையைத் தொட்டது. வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர், கொடுத்துவிடப் பார்த்த அதே மானி ரமிரெஸ். பேஸ் திருடிய ராபர்ட்ஸ்தான் இன்று ஓத்தானியின் டாட்ஜர்ஸ் மேனேஜர்.

ஆகவே அடுத்த டிசம்பரில் தலைப்புச் செய்தியைப் படித்து முடித்ததும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். கீழே இரண்டு வரியில், ஓராண்டு ஒப்பந்தத்தில், வேறொரு அணி வேண்டாம் என்று விட்ட யாரோ ஒருவர் பெயர் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அக்டோபரில் எடுத்துப் பாருங்கள்.