கடற்கரைத் திருக்கோயில்களில் நந்தவனப் பணி

இந்திரனுக்குரிய பூங்காவை நந்தனவனம் என்று நூல்கள் கூறும். அச்சொல்லே மருவி நந்தவனம் என்றாயிற்று. திருக்கோயிலுக்கு மலரும் தளிரும் தரும் தோட்டத்தை இப்பெயரால் வழங்குவது தொன்றுதொட்ட மரபு. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் 'திருநந்தவனப்புறம்' என்று ஒரு வகை நிலக்கொடை காணப்படுகிறது. தோட்டத்தைப் பேணுவோர் உணவுக்கென விடப்பட்ட நிலம் அது. செடியை நட்டவர் பெயரினும், நாள்தோறும் நீர் இறைப்பவர் வயிற்றுக்கு வழி செய்வதே முதன்மை என்று அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர்.

அடியார் வரலாறுகளிலும் இப்பணிக்குத் தனியிடம் உண்டு. திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரையும் வைகறையில் கொய்து, மாலை தொடுத்துச் சாத்தினார். அவருடைய திருமடத்தில் தங்கியவர்களுள் ஒருவர், உழவாரப்படையைக் கையினின்றும் நீக்காத திருநாவுக்கரசர். அப்புகலூரிலேயே, புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒன்றாக எண்ணி வாவியில் எறிந்தார் அவர். வைணவத்தில் பெரியாழ்வார் வில்லிபுத்தூரிலும், தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் தோட்டம் வைத்தனர். இராமாநுசர் ஆணையை ஏற்றுத் திருமலைக்குச் சென்ற அனந்தாழ்வான் அங்கே நந்தவனமும் ஏரியும் அமைத்தார்.

இவையெல்லாம் நன்னீர் வாய்ந்த ஊர்கள். தூத்துக்குடிக் கடற்கரையின் இயல்பு வேறு. ஒருபுறம் உப்பளங்கள், ஒருபுறம் குதிரைமொழித் தேரி போன்ற செம்மணற் பரப்பு. ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். ஆழ்வார்திருநகரியைப் போலப் பொருநைக் கரையில் அமைந்த தலங்களுக்குத் தண்ணீர்க் கவலை குறைவு. கடலோரக் கோயில்களிலோ நந்தவனம் என்ற பெயர் நிற்க, இடம் வெறுமையாகி, மாலைக்குத் தோவாளைச் சந்தைப் பூவை எதிர்நோக்கும் நிலை வந்துள்ளது. சில இடங்களில் அவ்வெறுமையும் சிமெண்டுத் தளமாகிவிட்டது. நடப்பதற்கு அது வசதிதான். மழைநீர் மண்ணுள் இறங்கும் வழி அடைபட்டதை எவரும் எண்ணுவதில்லை.

கடலோரத்தில் நன்னீர் இல்லாமல் இல்லை. திருச்செந்தூர் நாழிக்கிணறு எல்லாரும் அறிந்தது. படைவீரரின் நீர்வேட்கை தணிய முருகப்பெருமான் வேலால் உண்டாக்கிய ஊற்று அது என்பது தலவரலாறு. மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரினும் இலேசானதாதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமற்ற கிணற்றிலிருந்து வாளியால் அளவோடு இறைத்தால் மேல்நின்ற இனிய நீர் கிடைக்கும். மின்மோட்டார் கொண்டு நெடுநேரம் உறிஞ்சினால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். பின் அக்கிணறு தேற ஆண்டுகள் ஆகும். ஆகவே இக்கரையில் நந்தவனம் வைப்போர் முதலில் கற்க வேண்டியது, தண்ணீரைக் குறைவாக எடுக்கும் முறையே.

செடித் தேர்விலும் மண்ணின் குணம் அறிதல் வேண்டும். மல்லிகையும் துளசியும் உப்புக்கு ஆற்றா. அவற்றைக் கிணற்றருகே, எருவும் வண்டலும் இட்ட பாத்திகளில் வைத்தல் நலம். அரளி ஓரளவு உவரையும் வறட்சியையும் தாங்கும். அதன் பால் நஞ்சாதலின் ஆடுகள் தீண்டா. குழந்தைகள் வாயில் வைக்காமல் காத்தல் வேண்டும். வில்வம் வறண்ட நிலத்திலும் நிலைக்கும். உப்புக்காற்றை மறிக்கப் புன்னையைக் கடல்நோக்கிய பக்கத்தில் வரிசையாக நடலாம். திருச்செந்தூரில் திருநீறு வைத்து வழங்கும் இலைக்குரிய பன்னீர் மரம் கடற்கரை மணலிலேயே இயல்பாக வளர்வது. இரவில் அதன் வெண்மலர் மணக்கும். அவ்விலையின் பன்னிரு நரம்புகளைப் பெருமானின் பன்னிரு கரங்கள் என்பர் அன்பர்கள்.

தெய்வத்துக்கு ஏற்ற மலர் எது என்பதும் நோக்கத்தக்கது. தாழம்பூ சிவபெருமானுக்கு ஆகாது. துளசி விநாயகருக்கு விலக்கு. கீழே உதிர்ந்த மலரைச் சாத்துவதில்லை. பவழமல்லிகைக்கு மட்டும் விதிவிலக்கு. களைந்த நிர்மாலியத்தைத் தெருவோரக் குப்பையில் கொட்டாது, நாரும் நெகிழியும் நீக்கி, நந்தவனத்துக் குழியில் இட்டு மூடினால், மணலுக்கு ஈரம் காக்கும் எரு ஆகும்.

இப்பணியை யார் செய்வது? தமிழகமெங்கும் உழவாரப்பணிக் குழுக்கள் விடுமுறை நாள்களில் கூடிக் கோயில்களைத் தூய்மை செய்கின்றன. அது பெருந்தொண்டு. எனினும், களை பறித்தல் ஒரு பகலில் முடியும். நட்ட கன்று பிழைக்க இரண்டு கோடை கடக்க வேண்டும். மரம் நடுவிழாவில் நாற்பது பேர் நிற்பர். பங்குனி வெயிலில் குடம் சுமக்க ஒருவரும் இரார். இதற்கு எளிய வழி, கோயிலைச் சுற்றியுள்ள ஏழு குடும்பத்தார் கிழமைக்கு ஒருவராக முறை வைத்துக் கொள்வதே. திங்கட்கிழமைக்குரியவர் வெளியூர் செல்வாராயின் செவ்வாய்க்குரியவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். ஏழு செடியே ஆனாலும் இம்முறையில் நிற்கும். எழுநூறு செடி முறையின்றேல் ஒரு கோடையில் போகும். நிர்வாகத்தின் இசைவு பெற்று, அருச்சகரிடம் நாள்வழிபாட்டுக்கு வேண்டும் மலர் எவை என்று கேட்டபின் தொடங்குதல் முறை.

வறட்சிக்கு மட்டுமன்றி வெள்ளத்துக்கும் அஞ்ச வேண்டிய நிலம் இது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. ஆதலால் பாத்திகளைத் தரையினும் ஒரு சாண் உயர்த்தி, நீர் வடிய வாய்க்கால் விடுதல் வேண்டும்.

நடுதற்கு ஏற்ற பருவம் புரட்டாசிக் கடைசி. விரல் பருமனுள்ள அரளி, நந்தியாவட்டைப் போத்துகளை ஒரு சாண் அளவாக நறுக்கி, இரண்டு கணு மண்ணுள் இருக்க ஊன்றி, தென்னங்கீற்றால் நிழல் செய்து வைத்தால், ஐப்பசி மழையில் வேர் பிடிக்கும்.