ஹோஸ்டிங் வியாபாரம் சொல்லித் தரும் பாடம்



நோன்புப் பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருந்த ஒரு வாரத்தில் எமது கடையின் இணையத்தளம் திடீரென மறைந்து போனது. அதைச் செய்து தந்த தம்பி வெளிநாடு போயிருந்தார். தளத்தின் முகவரி அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தது. வருடக் கட்டணம் கட்டப்படவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்திருந்த நான், பெருநாள் ஓடர்களை இழந்த பிறகுதான் இந்தத் தொழிலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

ஹோஸ்டிங் என்பது வாடகைத் தொழில்தான். இரவு பகலாக இயங்கும் சேர்வர் கணினியில் எமது தளத்துக்கு இடம் தருகிறார்கள். ஆனால் கடை வாடகை வருடா வருடம் ஏறும்; இந்த இடத்தின் விலையோ தொழில்நுட்பம் வளர வளர இறங்கும். எனவே மலிவை மட்டும் நம்பியவரை இன்னும் மலிவாகக் கொடுப்பவர் வீழ்த்திவிடுவார்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1998இல் தொடங்கப்பட்ட ரெக்ஸ்பேஸ் நிறுவனத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் வாடிக்கையாளரோடு பேசுவதையே அவர்கள் வீண் செலவாகக் கருதினார்கள். முறைப்பாடுகள் வந்த பின், 1999இல் போக்கை மாற்றி, வாடிக்கையாளர் சேவையையே தமது சரக்காக்கினார்கள். நிறுவனம் வளர்ந்தது.

2006இல் அமேசன் இதே துறையில் இறங்கியது. கணினி வலுவை மணித்தியாலத்துக்கு 10 அமெரிக்க சதத்துக்கு வாடகைக்கு விட்டது. அந்த மலையோடு விலையில் மோத முடியுமா? ரெக்ஸ்பேஸ் சில வருடங்கள் போட்டியிட்டுப் பார்த்தது. பின்னர் 2015இல், அமேசனிடம் இடம் எடுத்தவர்களுக்கே பராமரிப்புச் சேவை வழங்க முன்வந்தது. போட்டியாளரின் வாடிக்கையாளரும் தனது வாடிக்கையாளரானார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2022 டிசம்பரில் கப்பம் கோரும் கணினித் தாக்குதல் ஒன்று அதன் மின்னஞ்சல் சேவையொன்றை முடக்கியது. சிறு வியாபாரிகள் பலர் தமது கடிதங்களைப் பார்க்க முடியாமல் தவித்தனர். முந்திய மாதமே வெளிவந்திருந்த பாதுகாப்புத் திருத்தம் அங்கு நிறுவப்பட்டிருக்கவில்லை. அந்தச் சேவை மீண்டும் திறக்கப்படவே இல்லை. சேவைக்குப் பெயர் பெற்ற நிறுவனத்துக்கே இந்த நிலை!

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடங்கள் மூன்று.

1. விலை ஒருநாள் தோற்கும். பெரிய சுப்பர் மார்க்கட் பக்கத்தில் வந்தால் அதைவிட மலிவாக விற்க முனையாதீர்கள். அவர்களால் தர முடியாத கவனிப்பைக் கொடுங்கள்.

2. சரக்கு மாறலாம், அமானிதம் மாறக்கூடாது. பிறர் பொருள் எம் கையில் இருக்கும்வரை அதைக் காப்பது தினசரிக் கடமை. நேற்றைய நற்பெயர் இன்றைய கவனயீனத்துக்கு ஈடாகாது.

3. எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல் பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. நாமோ தெரிந்த பிள்ளைதானே என்று விட்டுவிடுகிறோம். இணைய முகவரியை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். கட்டணம் முடியும் திகதியைக் குறித்து வையுங்கள். தளத்தின் பிரதியொன்றை வேறோர் இடத்தில் பாதுகாத்து, அது திறக்கிறதா என்றும் இடைக்கிடை பாருங்கள்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காதது என் தவறு. இன்று முகவரி என் பெயரில் இருக்கிறது. கட்டணம் சற்று அதிகம்தான். ஆனால் இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார்.

அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரகத் செய்வானாக!