பாரிஸில் சொகுசு விடுதியைத் தேர்ந்தெடுத்தல்

பிரான்சில் விடுதிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தகுதி வழங்கப்படுவதோடு, ஐந்து நட்சத்திரம் பெற்றவற்றுள்ளும் தனிச்சிறப்புடைய சிலவற்றுக்கு மட்டும் 'பாலஸ்' என்னும் மேல்தகுதி அளிக்கும் முறை 2010இல் ஏற்படுத்தப்பட்டது. எனவே விளம்பரத்தில் காணும் புகழுரைகளைவிட இத்தகுதியைச் சரிபார்ப்பதே முறையாகும். ஆயினும் நட்சத்திரம் வசதிகளை அளக்குமேயன்றி அமைவிடத்தை அளப்பதில்லை.

இரண்டு, மூன்று நாள் மட்டுமே தங்குவோருக்கு அமைவிடமே முதன்மையானது. பாரிஸ் நகரம் அரோந்திஸ்மான் எனப்படும் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, நத்தையோட்டின் சுழியைப்போல நடுவிலிருந்து வெளிநோக்கி எண்ணிடப்பட்டுள்ளது. விடுதி முகவரியின் அஞ்சல் குறியீட்டில் இறுதி இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தையே குறிப்பதால், 75001 எனில் லூவ்ர் அருங்காட்சியகம் உள்ள முதல் வட்டாரம் என்றும், 75007 எனில் ஐஃபெல் கோபுரம் உள்ள ஏழாம் வட்டாரம் என்றும் வரைபடமின்றியே அறியலாம்.

தெருவை நோக்கிய அறை காட்சி தரும். உள்முற்றத்தை நோக்கிய அறை பெரும்பாலும் அமைதி தரும். உறக்கம் எளிதில் கலைவோர் பின்னதைக் கேட்டுப் பெறுவதே நன்று.

தங்கல் வரி, அதாவது ஒவ்வோர் இரவுக்கும் ஆள்கணக்கில் விதிக்கப்படும் உள்ளூர் வரி, விடுதியின் தகுதி உயர உயரக் கூடும்; 18 வயது நிரம்பாதோருக்கு அது இல்லை. இவ்வரியும் காலை உணவும் அறைக் கட்டணத்தில் அடங்குமா என்பதை முன்பதிவுக்கு முன்பே எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும்.